வாயேஜர் படத்திலிருந்து மிராண்டாவின் பனிச்சுவரை அளப்பது எப்படி?

யுரேனஸின் துணைக்கோள் மிராண்டாவில் வெரோனா ரூபீஸ் என்றொரு பனிச்சுவர் இருக்கிறது. சூரியக் குடும்பத்தில் நாம் அறிந்த செங்குத்துகளிலேயே மிக உயரமானது என்று பெயர் வாங்கியது. ஒரு கட்டுரையில் 20 கிலோமீட்டர் என்று படிப்பீர்கள். இன்னொன்றில் 10 என்று இருக்கும். வேறொன்றில் 5 முதல் 10 வரை என்று போட்டிருப்பார்கள். சுவர் ஒன்றுதான். அதைப் படமெடுத்த விண்கலமும் ஒன்றுதான், வாயேஜர் 2. 1986 ஜனவரி 24 அன்று ஒரே ஒரு முறை கடந்து போனது. அதற்குப் பிறகு அங்கே எந்தக் கலமும் போகவில்லை. அப்படியிருக்க விடை மட்டும் எப்படி இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று மாறுகிறது?

இந்தக் கேள்விக்கு நானே அளந்து பார்த்துத்தான் பதில் கண்டேன். மூன்று வார இரவுகள் போயின. அந்த வழியை இங்கே எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் நினைவிருந்தால் போதும். சைன், காஸ், டேன் தாண்டி எதுவும் வராது.

என்னென்ன வேண்டும்

ஒரு கணினி, இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள், ஒரு விரிதாள். படத்தில் கோடு இழுத்து நீளம் பார்க்க கிம்ப்பும் போதும் என்பார்கள். நான் இமேஜ்ஜேதான் வைத்துக்கொள்ளச் சொல்வேன். கோட்டை இழுத்து, கன்ட்ரோலுடன் கே விசையை அழுத்தினால் அந்தக் கோட்டின் நெடுகிலும் வெளிச்சம் எப்படி ஏறி இறங்குகிறது என்று வரைபடமாகக் காட்டும். சுவரின் அடி எங்கே, உச்சி எங்கே என்பதை வெறும் கண்ணால் முடிவு செய்வதற்கும் அந்த வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்வதற்கும் மூன்று நான்கு பிக்சல் வித்தியாசம் வரும். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் ஐசிஸ் மென்பொருள் இதைவிட எவ்வளவோ துல்லியமானது. ஆனால் அதை நிறுவி முடிப்பதற்குள் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு ஆர்வமே போய்விடும். முதலில் கையால் அளந்து பழகுங்கள், பிறகு அங்கே போகலாம்.

படி 1: சரியான படத்தை எடுங்கள்

செய்திகளில் வரும் அழகான படங்களை அளக்காதீர்கள். நாசாவின் ஃபோட்டோஜர்னல் படங்களும் இதில் அடக்கம். அவை பார்ப்பதற்காகச் செய்தவை. பெரிதாக்கியிருப்பார்கள், வெட்டியிருப்பார்கள், பல படங்களை ஒட்டியிருப்பார்கள். ஒரு பிக்சல் எத்தனை மீட்டர் என்று அதில் கண்டுபிடிக்க வழியே இல்லை.

மூலப்படங்கள் நாசாவின் கோளியல் தரவுக் காப்பகத்தில் இருக்கின்றன. அதில் வளையங்கள், துணைக்கோள்களுக்கான பிரிவு ஓபஸ் என்ற தேடுபொறியை வைத்திருக்கிறது. வாயேஜர் 2, குறுங்கோணக் கேமரா, இலக்கு மிராண்டா என்று கொடுத்துத் தேடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் நான்கு வடிவங்கள் கிடைக்கும்: அப்படியே வந்தது, துடைத்தது, வெளிச்ச அளவு சரிசெய்தது, வடிவம் திருத்தியது. கடைசியாகச் சொன்னதற்கு ஜியோமெட் என்று பெயர். அதையே எடுங்கள். வாயேஜரில் இருந்தது இன்றைய கேமரா சில்லு அல்ல, பழைய தொலைக்காட்சிக் கேமராவைப் போன்ற விடிகான் குழாய். அது படத்தை ஓரங்களில் வளைத்துவிடும். அந்த வளைவை அளந்து திருத்தத்தான் கண்ணாடியிலேயே கரும்புள்ளிகளை வரிசையாகப் பதித்திருந்தார்கள். ஜியோமெட் படத்தில் வளைவு நிமிர்த்தப்பட்டு, புள்ளிகளும் அழிக்கப்பட்டிருக்கும். அழித்த இடங்கள் சற்றே வழவழப்பாகத் தெரியும். உங்கள் கோடு அப்படியோர் இடத்தின் மேல் போனால் கோட்டை கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள்.

படி 2: ஒரு பிக்சல் எத்தனை மீட்டர்?

ஒரு மைக்ரோரேடியன் என்பது 1,000 கி.மீ. தொலைவில் 1 மீட்டர். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் கணக்கு வாய்ப்பாடு போல வரும். ஜியோமெட் படத்தில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 7.86 மைக்ரோரேடியன். கலம் 31,000 கி.மீ. தொலைவில் இருந்தது என்று வைத்துக்கொண்டால், 7.86 × 31 = 244 மீட்டர். அவ்வளவுதான்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்த பள்ளம். வாயேஜர் கேமரா 800 × 800 பிக்சல், பார்வைப் புலம் 0.424 பாகை என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அதை வகுத்தால் பிக்சலுக்கு 9.25 மைக்ரோரேடியன் வரும். இந்த எண் தவறல்ல, ஆனால் அது மூலப்படத்துக்கு உரியது. ஜியோமெட் படம் 1000 × 1000 பிக்சல் கொண்ட புதிய சட்டகத்துக்கு மாற்றப்பட்டது. பழைய எண்ணைப் புதிய படத்தில் போட்டால் எல்லா நீளமும் 18 சதவீதம் கூடிவிடும். 40 பிக்சல் நீளமுள்ள ஒன்று 9.7 கி.மீ. என்று வர வேண்டியது 11.5 கி.மீ. என்று வரும். ஒரு வாரம் இந்தப் பிழையோடு அளந்துகொண்டிருந்தேன்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. மிராண்டா முழு வட்டமாகத் தெரியும் படம் ஒன்றை எடுத்து அதன் விட்டத்தை அளந்து பாருங்கள். 470 கி.மீ.யை ஒட்டி வர வேண்டும். 550 வந்தால் இந்தப் பள்ளத்தில்தான் நிற்கிறீர்கள்.

படி 3: சூரியன் எங்கே, கேமரா எங்கே?

இரண்டு கோணங்கள் வேண்டும். சுவர் நிற்கும் இடத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பது ஒன்று. அதே இடத்தில் தலைக்கு நேர் மேலிருந்து கேமரா எவ்வளவு சாய்ந்து பார்த்தது என்பது இன்னொன்று.

படம் எடுத்த நேரத்தை அதன் விவரக்கோப்பில் பாருங்கள். நாசாவின் ஹொரைசன்ஸ் சேவையில் பார்வையாளராக வாயேஜர் 2 கலத்தையும் இலக்காக மிராண்டாவையும் கொடுத்து அந்த நேரத்தைப் போட்டால், கலத்துக்கு நேர் கீழே இருந்த புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை, சூரியனுக்கு நேர் கீழே இருந்த புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை, தொலைவு எல்லாம் வந்துவிடும். நிமிடக் கணக்கில் கவனமாக இருங்கள். கலம் நொடிக்கு 15 கி.மீ.க்கும் அதிக வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் பிசகினால் 4,500 கி.மீ. பிசகும்.

வெரோனா ரூபீஸின் இடம் 18.3 தெற்கு, 347.8 கிழக்கு. அதைக் கொண்டு:

காஸ்(சாய்வு) = சைன்(சுவரின் அட்சம்) × சைன்(கலப்புள்ளியின் அட்சம்) + காஸ்(சுவரின் அட்சம்) × காஸ்(கலப்புள்ளியின் அட்சம்) × காஸ்(தீர்க்கரேகை வித்தியாசம்)

சூரியனுக்கும் இதே வாய்ப்பாடுதான். வரும் கோணத்தை 90 பாகையிலிருந்து கழித்தால் சூரியனின் உயரம். தெற்கு அட்சத்துக்குக் கழித்தல் குறி போட மறக்காதீர்கள். விரிதாளில் கோணத்தை ரேடியனாக மாற்றிவிட்டுத்தான் சைன் எடுக்க வேண்டும்.

1986இல் யுரேனஸின் தென்துருவம் ஏறத்தாழ நேராகச் சூரியனைப் பார்த்திருந்தது. அதனால் மிராண்டாவிலும் தெற்குப் பாதியில் மட்டுமே வெளிச்சம். வடபாதியின் பெரும்பகுதியை இன்றுவரை யாரும் அருகிலிருந்து பார்த்ததில்லை. 18 பாகை தெற்கில் நிற்கும் சுவருக்குச் சூரியன் தாழ்வாகத்தான் இருக்கும். உங்கள் விடை 60, 70 பாகை என்று வந்தால் எங்கோ குறி மாறியிருக்கிறது.

படி 4: கண் முன்னே இருப்பது நிழலா, முகமா?

பள்ளிக்கூடத்தில் தென்னை மரத்தின் நிழலை அளந்து உயரம் கண்டுபிடித்திருப்போம். நிழல் நீளம் × டேன்(சூரிய உயரம்). அதே நினைவோடு வெரோனா ரூபீஸை அணுகினால் வழி தவறும். ஏனென்றால் அந்தச் சுவர் சூரியனைப் பார்த்து நிற்கிறது. படத்தில் பளிச்சென்று தெரியும் பட்டைதான் சுவரின் முகம். அதன் பின்னால் இருக்கும் கறுப்பு பெரும்பாலும் மிராண்டாவின் இரவு. அந்தக் கறுப்பை நிழல் என்று நினைத்து அளந்தால் எத்தனை கிலோமீட்டர் வேண்டுமானாலும் வரும்.

நம் நிலவிலேயே இதைப் பழகலாம். நேர்ச்சுவர் என்று அழைக்கப்படும் ரூபீஸ் ரெக்டா 110 கி.மீ. நீளம், உயரம் 300 மீட்டருக்குள். சூரியன் அங்கே உதிக்கும் நாள்களில், அதாவது வளர்பிறை எட்டாம் நாளை ஒட்டி, கறுப்புக் கோடாகத் தெரியும். அது நிழல். தேய்பிறையில் அதே இடம் வெள்ளைக் கோடாகிவிடும். அது முகம். சிறிய தொலைநோக்கியே போதும். இரண்டையும் ஒரே மாதத்தில் பார்த்துவிட்டால் பிறகு எந்தத் துணைக்கோளிலும் குழப்பம் வராது. அந்த நேர்ச்சுவர் கத்தியால் வெட்டியது போலத் தெரியும். உண்மையில் நடந்து ஏறிவிடக்கூடிய சரிவுதான். சாய்ந்த வெளிச்சம் எந்தச் சரிவையும் செங்குத்தாக்கிக் காட்டும்.

சூரியனுக்கு முதுகு காட்டும் சுவர்களும் பள்ள விளிம்புகளும் மிராண்டாவில் நிறைய உண்டு. அவற்றுக்கு நிழல் முறை பொருந்தும், ஆனால் ஒரு திருத்தத்தோடு.

படி 5: சாத்துக்குடி மேல் தீக்குச்சி

இதைச் செய்துவிட்டு மேலே படியுங்கள். ஒரு சாத்துக்குடியில் தீக்குச்சியைக் குத்தி, இருட்டில் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். பிறகு அதே உயரத்துக்கு இன்னொரு குச்சியை மேசையில் நிறுத்தி அதே சாய்வில் அடியுங்கள். சாத்துக்குடியில் நிழல் நீண்டு ஓடும். நிழல் ஓட ஓடத் தரை கீழே வளைந்துகொண்டே போவதால் ஒளிக்கதிர் தரையைத் தொடத் தாமதமாகிறது.

நம் நிலவில் 1 பாகை வளைய 30 கி.மீ. போக வேண்டும். மிராண்டாவின் ஆரம் வெறும் 236 கி.மீ. அங்கே 4.1 கி.மீ. போனாலே 1 பாகை வளைந்துவிடும். 20.6 கி.மீ. நீள நிழல் என்றால் 5 பாகை. சுவரின் அடியில் சூரியன் 18 பாகை உயரத்தில் இருந்தால் நிழல் நுனியில் 13 பாகைதான்.

அதனால் தென்னை மர வாய்ப்பாட்டை விட்டுவிட்டு இதைப் போடுங்கள்:

உயரம் = ஆரம் × [ காஸ்(நுனியில் சூரிய உயரம்) ÷ காஸ்(அடியில் சூரிய உயரம்) − 1 ]

மேலே சொன்ன எண்களைப் போட்டால் 236 × (0.9744 ÷ 0.9511 − 1) = 5.8 கி.மீ. தென்னை மரக் கணக்கு 6.7 என்று சொல்லும். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் பொய். நம் நிலவில் இதே நிழலுக்கு வித்தியாசம் வெறும் 0.1 கி.மீ.தான். அதனால்தான் நிலவை அளந்து பழகியவர்களுக்கும் இது கண்ணில் படுவதில்லை.

இன்னொன்று. நீங்கள் படத்தில் அளக்கும் நிழல் நீளம் சாய்ந்து பார்த்ததால் குறுகியது. அதைத் தரையில் உள்ள உண்மை நீளமாக விரித்த பிறகே பாகையாக மாற்ற வேண்டும். நிழல் ஓடும் திசை வட்டத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கிப் போனால் காஸ்(சாய்வு) ஆல் வகுத்துவிடுங்கள். குறுக்கே போனால் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

படி 6: வெளிச்சமான முகத்தை அளப்பது

இந்தப் படியில்தான் எனக்கு அதிக நாள் போனது. 20, 10, 5 என்ற குழப்பத்துக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. மெதுவாகப் படியுங்கள்.

மொட்டை மாடிப் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே நின்று நேர் கீழே பார்த்தால் படிகளின் அகலம் மட்டும் தெரியும், உயரம் தெரியாது. கீழே முற்றத்தில் உட்கார்ந்து எதிரே பார்த்தால் உயரம் மட்டும் தெரியும், அகலம் தெரியாது. இடையில் எங்கிருந்து பார்த்தாலும் இரண்டும் கலந்து ஒரே பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டையில் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று ஒரே ஒரு புகைப்படம் சொல்லாது.

மிராண்டாவின் சுவரும் அப்படியே. அது முழுச் செங்குத்து அல்ல, சரிவு. சரிவுக்கு ஒரு கிடை அகலமும் ஓர் உயரமும் உண்டு. கேமரா பார்த்தது:

பட்டை = அகலம் × காஸ்(சாய்வு) + உயரம் × சைன்(சாய்வு)

பட்டையைப் படத்தில் அளந்துவிட்டோம், சாய்வு படி 3இல் கிடைத்துவிட்டது. மீதி இரண்டு எண்கள் தெரியாதவை, சமன்பாடோ ஒன்றுதான். எனவே சுவரின் சரிவு எத்தனை பாகை என்று ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளாமல் உயரம் வராது. வைத்துக்கொண்டால்:

உயரம் = பட்டை ÷ [ சைன்(சாய்வு) + காஸ்(சாய்வு) ÷ டேன்(சரிவு) ]

ஓர் உதாரணம். பட்டை 10 கி.மீ., கேமரா சாய்வு 40 பாகை என்று வைத்துக்கொள்வோம். சுவர் முழுச் செங்குத்து என்றால் உயரம் 15.6 கி.மீ. சரிவு 45 பாகை என்றால் 7.1 கி.மீ. 30 பாகை என்றால் 5.1 கி.மீ.

அந்த மூன்று எண்களையும் விரிதாளில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது போல இருந்தது. அதே படம், அதே பிக்சல்கள், அதே கவனமான அளவீடு. மாறியது ஓர் அனுமானம் மட்டுமே. அதற்கே உயரம் மூன்று மடங்கு ஆடுகிறது. "செங்குத்து" என்ற சொல்லைப் பேச்சுவாக்கில் ஏற்றுக்கொண்டவர்களுக்குப் பெரிய எண் வரும். பனியிலும் பாறையிலும் உடைப்புச் சரிவு இவ்வளவு செங்குத்தாக நிற்குமா என்று கேட்டவர்களுக்குச் சிறிய எண் வரும். ஆகவே ஒற்றைப் படத்திலிருந்து எடுத்த எந்த உயரத்தையும் சரிவோடு சேர்த்தே எழுதுங்கள். "45 பாகைச் சரிவு என்றால் 7 கி.மீ." என்பது அளவீடு. வெறும் "7 கி.மீ." என்பது பாதி அளவீடுதான்.

இந்த வாய்ப்பாடு பொருந்த ஒரு நிபந்தனை உண்டு. சுவர் வளைந்து நெளிந்து போகும். அதில் வட்டத்தின் நடுவை, அதாவது கலத்துக்கு நேர் கீழ்ப்புள்ளியை, முகம் பார்த்து நிற்கும் துண்டைத் தேர்ந்தெடுங்கள். பக்கவாட்டில் திரும்பிய துண்டுகளில் உயரமும் அகலமும் வெவ்வேறு திசையில் விழும். அவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

படி 7: இரண்டாவது படம்

தெரியாதவை இரண்டு என்றால் சமன்பாடும் இரண்டு வேண்டும். அதாவது அதே சுவரை வேறொரு சாய்விலிருந்து எடுத்த இன்னொரு படம். நம் இரண்டு கண்கள் செய்யும் வேலையே இது. வாயேஜர் அருகில் இருந்தபோது சில நிமிடங்களுக்குள் சாய்வு பல பாகை மாறியது. எனவே அடுத்தடுத்து எடுத்த படங்களிலேயே துணை கிடைக்கும்.

முதல் சாய்வை அ, இரண்டாம் சாய்வை ஆ என்போம்.

உயரம் = [ பட்டை 2 × காஸ்(அ) − பட்டை 1 × காஸ்(ஆ) ] ÷ சைன்(ஆ − அ)

அகலம் = [ பட்டை 1 × சைன்(ஆ) − பட்டை 2 × சைன்(அ) ] ÷ சைன்(ஆ − அ)

பழகுவதற்காக நானே செய்த கணக்கு இது, மிராண்டாவின் அளவீடு அல்ல: 30 பாகையில் பட்டை 11.9 கி.மீ., 60 பாகையில் 12.7 கி.மீ. உயரம் 10.1, அகலம் 7.9 என்று வரும். சரிவு 52 பாகை என்று தானாகவே கிடைத்துவிடுகிறது. எதையும் அனுமானிக்கவில்லை.

இப்போது பிழையைப் பாருங்கள். பட்டையை அளப்பதில் 0.3 கி.மீ., அதாவது ஒரு பிக்சலுக்குச் சற்று மேல், தவறியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உயரத்தில் வரும் பிழை தோராயமாக 0.3 ÷ சைன்(ஆ − அ). சாய்வு வித்தியாசம் 30 பாகை என்றால் 0.6 கி.மீ. 10 பாகை என்றால் 1.7 கி.மீ. 5 பாகை என்றால் 3.4 கி.மீ. ஒரே இடத்தை அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்கள் கிடைத்த மகிழ்ச்சியில் வித்தியாசம் 5 பாகைதான் என்பதை மறந்துவிடாதீர்கள். முடிந்தவரை விலகிய சாய்வுகளைத் தேடுங்கள். ஆனால் ரொம்ப விலகினால் ஒரு படம் தொலைவிலிருந்து எடுத்ததாகி அதன் பிக்சல் பெரிதாகிவிடும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதற்கு விதி இல்லை. மூன்று நான்கு ஜோடிகளை அளந்து பார்த்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் விடைகளை நம்புங்கள்.

அளக்கும்போது இரண்டு படத்திலும் ஒரே புள்ளியைத்தான் தொடுகிறோமா என்று பார்க்க வேண்டும். சுவர் முகத்தில் கீறல்கள் போன்ற கோடுகள் இறங்கும். அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதன் மேல்முனை, கீழ்முனை இரண்டையும் இரண்டு படத்திலும் குறியுங்கள். நான் படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி, ஒவ்வொரு முனையையும் ஐந்து முறை வெவ்வேறு நாள்களில் குறித்து சராசரி எடுக்கிறேன். ஒரே அமர்வில் ஐந்து முறை குறித்தால் கை முந்தைய இடத்துக்கே போய்விடுகிறது.

யுரேனஸின் தொலைவில் சூரிய வெளிச்சம் பூமியில் இருப்பதில் 360இல் ஒரு பங்குதான். ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. கலம் பறந்துகொண்டிருக்க, படம் கலங்காமல் இருக்க மொத்தக் கலத்தையே மெல்லத் திருப்பி மிராண்டாவைப் பின்தொடர வைத்தார்கள். ஏவியபின் பல ஆண்டுகள் கழித்து, பூமியிலிருந்து புதிய கட்டளைகளை அனுப்பிச் செய்த வேலை இது. மிராண்டாவை அவ்வளவு நெருங்கியதுகூட அடுத்து நெப்டியூனுக்குப் போகும் பாதை அந்த வழியாக அமைந்ததால்தான். அந்தப் பிக்சல்களை அளக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

விளிம்பு முறை பற்றி ஒரு வார்த்தை

சுவர் துணைக்கோளின் விளிம்பிலேயே வந்தால் பக்கவாட்டுத் தோற்றமே கிடைத்துவிடும், சைன், காஸ் எதுவும் வேண்டாம். புளூட்டோவின் துணைக்கோள் சாரனில் ஆர்கோ என்று பெயரிட்ட பள்ளத்தாக்கு நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2015 ஜூலையில் எடுத்த படங்களில் அப்படித்தான் விளிம்பில் மாட்டியது. 700 கி.மீ. நீளம், ஆழம் 9 கி.மீ. வரை என்று கணித்தார்கள். மிராண்டாவில் இந்த முறையைப் பார்த்துச் செய்யுங்கள். அது உருண்டை அல்ல. மூன்று ஆரங்களும் ஏறத்தாழ 240, 234, 233 கி.மீ. சரியான வட்டம் என்று வரைந்து அதற்கு மேல் துருத்துவதை அளந்தால், சுவர் அளவுக்கே பிழை வந்துவிடும்.

பின்சேர்க்கை 1

இதைப் படித்துவிட்டு சனியின் துணைக்கோள் டையோனியில் முயன்ற ஒருவர், தனக்கு எல்லாமே பாதியாக வருகிறது என்று கருத்துப் பெட்டியில் எழுதியிருந்தார். சனியைச் சுற்றிய காசினி விண்கலத்தின் குறுங்கோணக் கேமரா 1024 × 1024, பிக்சலுக்கு 6 மைக்ரோரேடியன். அவர் போட்டது அதே எண்தான். படத்தின் அளவைப் பார்க்கச் சொன்னேன், 512 × 512 என்றார். தரவைச் சிக்கனமாக அனுப்ப நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து எடுத்த படம் அது. அதற்குப் பிக்சலுக்கு 12 மைக்ரோரேடியன். நியூ ஹொரைசன்ஸின் லோரி கேமராவிலும் இப்படி உண்டு: முழுப் படம் 1024, சேர்த்து எடுத்தது 256, அங்கே நான்கு மடங்கு. எந்தக் கலமானாலும் முதலில் படத்தின் பிக்சல் எண்ணிக்கையைப் பாருங்கள்.

பின்சேர்க்கை 2

தீர்க்கரேகைச் சிக்கல் மூன்று பேருக்கு வந்திருக்கிறது. சில தரவுத்தளங்கள் மேற்காக எண்ணுகின்றன, நிலவமைப்புகளின் அதிகாரபூர்வப் பெயர்ப்பட்டியல் கிழக்காக எண்ணுகிறது. 347.8 கிழக்கு என்பது 12.2 மேற்கு. இரண்டையும் கலந்து கழித்தால் சுவர் மறுபக்கத்துக்குப் போய்விடும். இரண்டும் ஒரே பக்கமாக எண்ணப்பட்டவையா என்று கழிப்பதற்கு முன் பாருங்கள்.

பின்சேர்க்கை 3

"அங்கிருந்து விழுந்தால் தரையைத் தொட 12 நிமிடம் ஆகுமாமே, உண்மையா?" என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். மிராண்டாவின் ஈர்ப்பு முடுக்கம் நொடிக்கு நொடி 0.079 மீட்டர். 20 கி.மீ. செங்குத்து என்றால் 11 நிமிடம் 52 நொடி. எனவே அந்தக் கணக்கு சரி. 10 கி.மீ. என்றால் 8 நிமிடம் 23 நொடி. ஆனால் இரண்டும் படி 6இல் பார்த்த அதே அனுமானத்தின் மேல் நிற்பவை. சுவர் 45 பாகைச் சரிவு என்று வைத்துக்கொண்டு, உச்சியிலிருந்து நொடிக்கு 1 மீட்டர் என்ற நடைவேகத்தில் காலை வெளியே வைத்துப் பாருங்கள். 25 நொடியில், 25 மீட்டர் கீழே, பாதம் பனியைத் தொட்டுவிடும்.